கைராசி டாக்டர் எப்படிப் பேசுகிறார்?

ஊருக்கு ஒரு கைராசி டாக்டர் இருப்பார். எதிர்த்தெருவிலேயே அதே எம்.பி.பி.எஸ். படித்து, அதே மாத்திரைகளை எழுதித் தரும் இன்னொருவரும் இருப்பார். ஆனாலும் காலை ஏழு மணிக்கே செருப்புகள் வரிசைகட்டிக் கிடப்பது கைராசிக்காரரின் வாசலில்தான். ஏன் அவரிடம் போகிறீர்கள் என்று கேட்டால், மருந்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. "நல்லா முகங்கொடுத்துப் பேசுவார்", "சொல்றதைக் காதுகொடுத்துக் கேட்பார்", "அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாலே பாதி நோய் போயிடும்" என்றுதான் சொல்வார்கள்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 1975-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. புறநோயாளிகளாகப் புதிதாக வந்த 80 பேரில் 66 பேருக்கு, அவர்களை அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டதுமே நோய் இன்னது என்று சரியாகத் தெரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு; ஆய்வகச் சோதனையால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. அதன் பிறகு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆனால் எந்த ஸ்கேன், எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்வதற்கு இன்றைக்கும் நோயாளி வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். எழுதிக் கொடுத்த மாத்திரையும் அவர் வீட்டுக்குப் போய் விழுங்கினால்தான் வேலை செய்யும். எழுதியவர் மேல் ஒட்டுதல் இல்லாவிட்டால் மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும்.

கைராசியில் பெரும்பங்கு பேச்சு. அந்தப் பேச்சு பிறவியிலேயே வாய்த்திருக்க வேண்டும் என்பதில்லை, பழகிக்கொள்ளலாம். அதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை டாக்டர்களும் நர்ஸ்களும் மட்டுமல்ல, எதிரே உட்காரும் நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் அரை நிமிடம்

"என்ன பண்ணுது?" என்றோ "என்ன தொந்தரவு?" என்றோதான் நம் டாக்டர்கள் தொடங்குகிறார்கள். இரண்டுமே நல்ல கேள்விகள். ஆம், இல்லை என்று தலையாட்டி முடித்துவிட முடியாது. வந்தவர் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டவர் காத்திருக்கிறாரா?

1984-இல் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய 18 நொடிகளில், சராசரியாக, டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம்தான். 1999-இல் இன்னொரு குழு இதேபோலப் பதிவு செய்து பார்த்தபோது 18 நொடி 23 நொடி ஆகியிருந்தது. அந்த இரண்டாவது ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று: தடையில்லாமல் பேசி முடித்தவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது சராசரியாக 6 நொடிகள்.

"விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள்" என்பது டாக்டர்களின் பழைய பயம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். நோயாளி தானாக நிறுத்தும்வரை வாய் திறப்பதில்லை என்று டாக்டர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். 335 நோயாளிகள். அவர்கள் பேசிய சராசரி நேரம் 92 நொடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் தேவையான விவரம்தான் என்று அந்த டாக்டர்களே சொன்னார்கள்.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்; அது நியாயமான மறுப்பு. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஸ்வீடனில் ஒரு சந்திப்பு சராசரியாக 22.5 நிமிடம் நடக்கிறது. இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். ஜி.ஹெச். ஓ.பி.யில் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுவரை நீளும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, 92 நொடி சும்மா கேளுங்கள் என்று டாக்டரிடம் சொல்வது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று புரியும். கூடுதல் டாக்டர்களை நியமிப்பதுதான் அதற்கு உண்மையான மருந்து. அதைப் பேச்சுத்திறனால் ஈடுகட்டிவிட முடியாது. ஆனால் இருக்கும் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே நேரச் செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

யார் யாருக்கு இறங்கி வருவது?

இரண்டு பேர் பேசத் தொடங்கினால் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சைப் பார்த்து மெல்ல மாறும். வேகம், குரலின் அளவு, சொற்கள், வட்டார வழக்கு எல்லாமே மாறும். பிரிட்டனின் சமூக உளவியலாளர் ஹோவர்ட் ஜைல்ஸ் 1970-களில் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். பிடித்தவரோடு பேசும்போது அவரை நோக்கி நகர்கிறோம். சிறுமைப்படுத்துகிறவரிடமிருந்து விலகிப் போகிறோம். வேல்ஸ் மொழி கற்றுக்கொண்டிருந்தவர்களிடம், அழியப்போகிற மொழியை ஏன் படிக்கிறீர்கள் என்று ஓர் ஆங்கிலக் குரல் கேட்டது. உடனே அவர்களில் ஒரு பிரிவினர் பேசிய ஆங்கிலத்தில் வேல்ஸ் வாடை கூடிவிட்டது. 1977-இல் ஜைல்ஸும் ரிச்சர்ட் பூரியும் வெளியிட்ட சோதனை இது.

இந்தக் கோட்பாட்டின் இன்னொரு பகுதி நமக்கு முக்கியம். இருவரில் தாழ்ந்த இடத்தில் இருப்பவர்தான் பெரும்பாலும் மற்றவரை நோக்கி நகர்கிறார். டாக்டர் அறையில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

அறுபது வயது விவசாயி ஒருவர் உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிறார். ஸ்டூலின் நுனியில் பட்டும் படாமலும் உட்காருகிறார். டீக்கடையில் கணீரென்று ஒலிக்கும் குரல் இங்கே பாதியாகிவிடுகிறது. நேற்று ராத்திரி மனைவியிடம் "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவர், டாக்டரிடம் "கேஸ் ட்ரபிள் சார்" என்கிறார். டாக்டருக்குப் புரிகிற மாதிரி, படித்தவர் மாதிரி, அவர் நேரத்தை வீணாக்காத மாதிரி சொல்லவேண்டும் என்று தன் வலியைத் தானே சுருக்கி மொழிபெயர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார். டாக்டரும் கேஸ் மாத்திரை எழுதிவிட்டால், மாரடைப்பின் முதல் எச்சரிக்கை அங்கேயே தவறிப்போகக்கூடும்.

"கேஸ்னா எப்படி இருக்கு? எந்த இடம், கையை வச்சுக் காட்டுங்க." இந்த ஒரு கேள்விக்கு ஐந்து நொடி போதும். அவர் விரலால் ஓரிடத்தைச் சுட்டாமல் உள்ளங்கையை நெஞ்சின் நடுவே அழுத்திக் காட்டினால், அடுத்து இ.சி.ஜி.தான்.

ஆகவே ஒத்துப்போவது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. முழுச் சுமையும் நோயாளியின் தலையில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கி வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருக்குத்தான் படிப்பும் இருக்கிறது, பயமும் இல்லை.

நீ, நீங்க, பாட்டி

தமிழில் இறங்கி வருவது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக வருபவருக்கு "சொல்லுங்க சார்". அவருக்குப் பின்னால் வரும் சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கு "என்ன, சொல்லு". வயது இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். மருத்துவமனைகளில் ஏழைகளின் மேல் விழும் முதல் அடி இந்த ஒருமைதான். வலி தாங்க முடியாமல் வந்த இடத்தில் அதை எதிர்த்துக் கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது. அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் வரும்; கேட்காத எதையும் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் "நீங்க" என்று பேசிப் பழகுவதற்கு எந்தப் பணமும், எந்த நேரமும் செலவாகாது.

உறவுமுறை வைத்து அழைப்பது நம் ஊரில் ஒட்டுதலுக்கு நல்ல வழிதான். "அம்மா", "ஐயா" என்றால் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஐம்பது வயதுப் பெண்ணை ஹவுஸ் சர்ஜன் "பாட்டி" என்று அழைத்தால் அந்த அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். கேஸ் ஷீட்டில் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்லி, கூடவே ஓர் "அம்மா" சேர்த்தால் போதும்.

வயதானவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து, கொஞ்சி, "சாப்டோமா? சமத்தா ஊசி போட்டுக்கலாமா?" என்று பேசுவது பாசத்தால் வருவது. ஆனால் அது எதிர்விளைவு தருகிறது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் முதியோர் இல்லங்களில் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் குழுவினர், மறதிநோய் உள்ளவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற வேளைகளைப் படம்பிடித்து 2009-இல் வெளியிட்டார்கள். பணியாளர்கள் இப்படிக் குழந்தைப் பேச்சு பேசியபோது, முதியவர்கள் கையைத் தட்டிவிடுவது, கத்துவது, முரண்டு பிடிப்பது எல்லாம் சாதாரணமாகப் பேசும்போது இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நினைவு தப்பியவருக்கும் மரியாதை தப்புவது தெரிகிறது. காது மந்தமாக இருப்பவரிடம் சற்று உரக்க, நேருக்கு நேர், வாக்கியத்தை உடைத்துச் சொல்லலாம். குரலைக் குழைக்க வேண்டியதில்லை.

வட்டார வழக்கிலும் இதே எல்லைதான். நாகர்கோவிலில் வளர்ந்து கோவையில் வேலைக்கு வரும் டாக்டருக்கு, அங்கே பேச்சுக்குப் பேச்சு வந்துவிழும் "ங்க" முதலில் புதிதாக இருக்கும். அவர் இயல்பாகப் பேசும் பேச்சில் அந்த "ங்க" குறைவாக இருப்பதால், ஊர்க்காரர்களுக்கு அவர் அதட்டுவதுபோலத் தோன்றக்கூடும். இரண்டு "ங்க" கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்த ஊர்க்காரரைப் போலவே பேசிக் காட்ட முயன்றால் கேலி செய்வதுபோல ஆகிவிடும். தூத்துக்குடியில் போய் நின்றுகொண்டு சென்னைக்காரர் "ஏலே" போட்டால் எப்படி இருக்கும்? ஜைல்ஸின் கோட்பாடும் இதைத்தான் எச்சரிக்கிறது: தேவைக்கு மேல் நெருங்கி வந்தால் எதிரே இருப்பவர் பின்வாங்குவார்.

போலச் செய்வதைவிட நல்ல வழி, அவர் சொன்ன சொல்லையே எடுத்துக்கொள்வது. "கால் எரியுதுங்க டாக்டர்" என்று ஓர் அம்மா சொன்னால், "பெரிஃபெரல் நியூரோபதியா இருக்கும்" என்று சொல்வதற்கு முன், "எரியுதுன்னீங்களே, ராத்திரியிலதான் அதிகமா? மரத்தும் போகுதா?" என்று கேட்கலாம். தன் சொல் திரும்பி வந்ததும் அவர் பேச்சு திறந்துகொள்ளும். "ஆமாங்க, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அன்னைக்குச் செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம நடந்து வந்துட்டேன்" என்பார். சர்க்கரை நோயால் காலின் உணர்ச்சி நரம்பு கெட்டுப்போயிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கேட்டு வாங்க முடியாது. குத்துது, கடுக்குது, இழுக்குது, குடையுது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது என்று நம் மக்கள் வலியைப் பிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்கள். சொல்ல விட்டால் பாதி பரிசோதனைக் கட்டணம் மிச்சம்.

வார்டில் ரவுண்ட்ஸ் போகும் டாக்டர் உட்கார்ந்து பேசுவதும் ஒருவகையில் இறங்கி வருவதுதான். கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 120 நோயாளிகளை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் சிலரை டாக்டர் நின்றபடியும் சிலரை உட்கார்ந்தும் பார்த்தார். உட்கார்ந்தபோது அவர் செலவிட்டது சராசரியாக 1 நிமிடம் 4 நொடி. நின்றபோது 1 நிமிடம் 28 நொடி. நோயாளிகளின் கணக்கு தலைகீழாக இருந்தது. உட்கார்ந்தவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தார் என்றார்கள். நின்றவர் நான்கு நிமிடம் கூட இருக்கவில்லை என்றார்கள். நம் வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் நாற்காலி கிடையாது. ஒரு ஸ்டூலைக் கூடவே தூக்கிவரச் சொல்லலாம்.

கூட வந்தவர்

நம் ஊரில் யாரும் தனியாக டாக்டரிடம் போவதில்லை. கூட வருகிறவரை மருத்துவமனையில் "அட்டெண்டர்" என்பார்கள். இவரால் நன்மை நிறைய: சீட்டு எடுப்பார், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பார், மாத்திரை வேளையை நினைவுபடுத்துவார். சிக்கலும் இவரால்தான். "அம்மாவுக்கு என்ன?" என்று டாக்டர் மகனைப் பார்த்துக் கேட்கிறார், மகன் பதில் சொல்கிறார், நடுவில் அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பு அவருடையது. முதல் கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டு, பிறகு மகனிடம் திரும்பி "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?" என்று கேட்டால் இருவருக்கும் மரியாதை.

சில வேளைகளில் கூட வந்தவர் வெளியே போனால்தான் உண்மை வெளியே வரும். மாமியார் பக்கத்தில் நிற்க, கல்யாணமாகி ஆறு மாதமான பெண் வெள்ளைப்படுதலைப் பற்றியோ, வீட்டில் விழும் அடியைப் பற்றியோ எப்படிச் சொல்வாள்? அனுபவப்பட்ட நர்ஸ்களுக்கு இது தெரியும். "அம்மா, இந்தச் சீட்டுல போய் ஒரு சீல் வாங்கிட்டு வந்துடுங்க" என்று பெரியவரை நாசூக்காக அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "இப்ப சொல்லும்மா" என்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

கிளம்பும்போது வரும் "அப்புறம் டாக்டர்..."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, எழுந்து, கதவில் கை வைத்தபிறகுதான் பலருக்கு முக்கியமான விஷயம் வாயில் வரும். "அப்புறம் டாக்டர்... மார்புல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது." உலகெங்கும் டாக்டர்களுக்கு இது பழகிய அனுபவம். வெட்கமும் பயமும் கடைசி நொடிவரை பிடித்து வைத்திருந்ததை, இனி விட்டால் முடியாது என்ற நிலை வெளியே தள்ளுகிறது.

இதைக் கடைசிவரை விடாமல் முன்னாலேயே வரவழைக்க முடியுமா? ஜான் ஹெரிட்டேஜ், ஜெஃப்ரி ராபின்சன் குழுவினர் 20 டாக்டர்களையும் 224 நோயாளிகளையும் வைத்து 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதல் தொந்தரவைக் கேட்டபிறகு ஒரு பிரிவு டாக்டர்கள், இல்லை என்ற பதிலை எதிர்பார்ப்பதுபோல ஒலிக்கும் வாக்கியத்தில் "வேறு ஏதும் உண்டா" என்று கேட்டார்கள். இன்னொரு பிரிவினர், இருக்கிறது என்ற பதிலை எதிர்பார்ப்பதுபோல ஒலிக்கும் வாக்கியத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் வித்தியாசம் ஒரே ஒரு சொல்தான். இரண்டாவது பிரிவில், சொல்ல நினைத்து வந்து சொல்லாமலே போய்விடும் தொந்தரவுகள் 78 சதவீதம் ஒழிந்தன. சந்திப்பு நேரம் கூடவில்லை.

தமிழில் இதைச் சோதிக்காமலே நாம் உணரலாம். "வேற ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? "வேற என்ன தொந்தரவு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து இரண்டு நொடி பேசாமல் இருந்தால் நிலைமையே வேறு. அந்த இரண்டு நொடியில் கணினித் திரையைப் பார்க்கக் கூடாது என்பது முக்கியம்.

"புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுங்க"

டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம்வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துபோகிறது என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாகவே நிற்கிறது என்றும் நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003-இல் தொகுத்து எழுதினார். "புரிஞ்சுதா?" என்று கேட்பதால் இது சரியாகாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. புரியவில்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவு, தனக்கும் அவமானம். தலை தானாக ஆடிவிடும்.

இதற்கு எளிய மாற்று, நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொல்வதுபோல ஆகிவிடக் கூடாது என்பதால் சொல்லும் விதத்தில் பக்குவம் வேண்டும். "வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரை எப்படிச் சாப்பிடணும்னு உங்க பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க?" "நான் வேகமாச் சொல்லிட்டேன், சரியாச் சொன்னேனான்னு தெரியல. நீங்க ஒருதடவை சொல்லுங்க பார்ப்போம்." இப்படிக் கேட்டால் பழி டாக்டர் மேல் போகிறது, நோயாளிக்கு வெட்கமில்லை. "காலையில ரெண்டு, நைட்டு ஒண்ணு" என்று அவர் மாற்றிச் சொல்லும்போதுதான் நமக்கு வயிற்றைக் கலக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், இப்படிச் சரிபார்த்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை மேலான கட்டுப்பாட்டில் இருந்தது. ஆனால் ஐந்தில் ஒரு சந்திப்பில்தான் டாக்டர்கள் இதைச் செய்தார்கள்.

மாத்திரையை விட்டுவிட்டதை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் இதே பக்குவம் தேவை. "ஏன் நிறுத்துனீங்க? யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று கேட்கும் டாக்டரிடம் அடுத்த முறை எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுவதாகவே சொல்வார்கள். அவரும் சர்க்கரை குறையவில்லை என்று டோஸை ஏற்றுவார். "நிறைய பேருக்கு வாரத்துல ரெண்டு மூணு நாள் விட்டுப்போயிடும். உங்களுக்கு எப்படி?" என்று கேட்டால் உண்மை வரும். பின்னாலேயே காரணமும் வரும். சுகர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், இன்சுலின் ஊசி ஆரம்பித்தால் கடைசி காலம் என்று அர்த்தம், இந்த மாதம் கையில் காசில்லை. மூன்றுக்கும் மூன்று விதமான பதில். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை என்று முதலாமவருக்கு விளக்க வேண்டும். இன்சுலின் என்றால் கடைசி காலம் இல்லை என்று இரண்டாமவரின் பயத்தைப் போக்க வேண்டும். காசில்லாதவரை விலை குறைந்த மாத்திரைக்கோ, இலவசமாகத் தரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மாற்றிவிட வேண்டும். ஆளைப் பார்த்துப் பேசுவது என்பது இதுதான்.

மாற்றிக்கொள்ளக் கூடாதது

ஆளுக்கு ஏற்றபடி பேச வேண்டும் என்பதற்காக உண்மையை மாற்றக் கூடாது. இந்தச் சோதனை மிகக் கடுமையாக வருவது புற்றுநோயில். ரிப்போர்ட் வந்ததும் மகன் தனியாக உள்ளே வந்து, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிஞ்சா தாங்கமாட்டார்" என்கிறார். அன்பினால் சொல்கிறார், அவரைக் கோபிக்கக் கூடாது. ஆனால் கீமோ வார்டில் பத்து நாள் படுத்திருப்பவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார். மருத்துவமனைப் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். பிறகு வீட்டில் எல்லோரும் மறைக்கிறார்கள், அவரும் தெரியாததுபோல இருக்கிறார். யாரோடும் மனம்விட்டுப் பேச முடியாமல் கடைசி மாதங்கள் போய்விடுகின்றன. இதைப் பார்ப்பது கொடுமை.

துயரச் செய்தியைச் சொல்வதற்கு வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலிய மருத்துவர்கள் 2000-இல் ஆறு படிகள் கொண்ட முறை ஒன்றை எழுதினார்கள். அதன் உயிர்நாடி, சொல்வதற்கு முன் கேட்பது. "இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" "ரிசல்ட் எல்லாத்தையும் உங்ககிட்டயே விவரமாச் சொல்லட்டுமா, இல்ல உங்க மகன்கிட்ட பேசிக்கட்டுமா?" சிலர் "அவன்கிட்டயே சொல்லிடுங்க" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து "என்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். எவ்வளவு, எந்த வேகத்தில், யார் முன்னிலையில் என்பதை ஆளுக்கேற்ப மாற்றலாம். ஒன்றுமில்லை என்று பொய் சொல்லக் கூடாது.

இவற்றையெல்லாம் தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்திருந்த காலம் மாறிவருகிறது. 2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென்று தனிப் பாடப்பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகரும் பி.பி.யும் பார்க்க வீடு தேடி வருவது மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள். அதே ஊர்ப் பேச்சு, திண்ணையில் சரிசமமாக உட்காரும் பழக்கம். ஆஸ்பத்திரியில் சொல்லாததை அங்கே சொல்லக் கூடும். அப்படி வந்து சேரும் விவரத்தை டாக்டர்கள் மதித்துக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சொல்ல வேண்டியதை வீட்டிலேயே பழைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லவே கூச்சமாக இருப்பதை முதல் வரியில் எழுதுங்கள். உட்கார்ந்ததும் அதை முதலில் சொல்லுங்கள். நோய்க்கு நீங்களாகப் பெயர் வைக்காமல், உடம்பு என்ன செய்கிறது என்று வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். நிறுத்திவிட்ட மாத்திரையையும், கூடவே சாப்பிடும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் அவர்களைப் பேச விடுங்கள். கிளம்புவதற்கு முன், "நான் புரிஞ்சுக்கிட்டதை ஒருதடவை சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் டாக்டர் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.